பணம் வாங்குபவர் யார், பணத்துக்கு உரியவர் யார்?

2023 மார்ச் முடிவில், பத்து ஆண்டுகளாக யாரும் கேட்டு வராததால் வங்கிகளிலிருந்து ரிசர்வ் வங்கியின் ‘வைப்பாளர் கல்வி, விழிப்புணர்வு நிதி’க்கு மாற்றப்பட்டுக் கிடந்த தொகை 62,225 கோடி ரூபாய். அடுத்த ஆண்டு மார்ச்சில் அது 78,213 கோடியாக ஏறிவிட்டது. இது முழுவதும் இறந்தவர்களின் பணம் என்று சொல்லிவிட முடியாது. சம்பளத்துக்காகத் திறந்து, வேலை மாறியதும் கைவிட்ட கணக்குகள் இதில் உண்டு. வீடு மாறிப் போனவர்களின் முதிர்ந்த வைப்புத்தொகைகளும் உண்டு. ஆனால் கணக்கை மறந்தவர் என்றைக்காவது பழைய பாஸ்புக்கைக் கண்டெடுத்து வங்கிக்குப் போய்விடலாம். இறந்தவருக்காக வேறு யாராவதுதான் போக வேண்டும். போனால் என்னென்ன கேட்பார்கள், எத்தனை முறை அலைய வேண்டியிருக்கும் என்ற மலைப்பிலேயே பலர் நின்றுவிடுகிறார்கள். சில ஆயிரம்தானே, விட்டுத் தொலைப்போம் என்று இருந்துவிடும் குடும்பங்கள் உண்டு. சில லட்சங்கள் இருந்தும், அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை முறிந்து, யாரும் எடுக்க முடியாமல் கிடக்கும் கணக்குகளும் உண்டு.

சட்டம் கடுமையாக இருப்பதால்தான் இப்படி என்று பொதுவாக நினைக்கிறோம். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தையும் ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல்களையும் படித்துப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை; சாதாரணக் குடும்பத்துக்கு அவை பெரும்பாலும் அனுகூலமாகவே எழுதப்பட்டிருக்கின்றன. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. இறந்தவரின் கணக்கைப் பொறுத்தவரை இரண்டு கேள்விகள் உள்ளன. வங்கியிடமிருந்து பணத்தை வாங்கிக்கொள்ளத் தகுதியானவர் யார் என்பது ஒன்று. வாங்கிய பணம் முடிவில் யாருக்குச் சொந்தம் என்பது இன்னொன்று. முதல் கேள்வி வங்கிக் கவுன்ட்டரில் தீர வேண்டியது. இரண்டாவது குடும்பத்துக்குள் தீர வேண்டியது. அங்கே தீராவிட்டால் நீதிமன்றத்தில். சட்டம் இவ்விரண்டையும் வேண்டுமென்றே பிரித்து வைத்திருக்கிறது. நாமோ இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்கிறோம். குடும்பங்கள் மட்டுமல்ல, விதி தெரிந்திருக்க வேண்டிய வங்கிக் கிளைகளும்தான்.

நாமினி விஷயத்தில் இந்தக் குழப்பம் அப்பட்டமாகத் தெரியும். வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தில் 1983ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 45 இசட்-ஏ பிரிவுதான் வங்கிக் கணக்கில் நாமினி போடுவதற்கு அடிப்படை. கணக்குதாரர் இறந்தால், வங்கியைப் பொறுத்தவரை அவருக்கிருந்த உரிமைகள் எல்லாம் நாமினிக்கு வரும். நாமினியிடம் பணத்தைக் கொடுத்ததும் வங்கியின் பொறுப்பு முடிந்தது என்கிறது அது. இதைப் படித்துவிட்டுப் பணமே நாமினிக்குச் சொந்தம் என்று வாதாடியவர்கள் உண்டு. அப்படியொரு வழக்கில், ராம் சந்தர் தல்வார் எதிர் தேவேந்தர் குமார் தல்வார் வழக்கில், உச்ச நீதிமன்றம் 2010இல் தெளிவாகச் சொல்லிவிட்டது: நாமினிக்குக் கிடைப்பது பணத்தைப் பெற்றுக்கொள்ளும் உரிமை மட்டுமே, பணத்தின் உடைமை, இறந்தவருக்குப் பொருந்தும் வாரிசுரிமைச் சட்டப்படிதான் போகும். காப்பீட்டுப் பணத்தைப் பற்றி 1984இலேயே சர்பதி தேவி வழக்கில் இதே கருத்தை உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. பங்குகளைப் பற்றி 2023 டிசம்பரில் சக்தி யஸ்தானி வழக்கில் மறுபடியும் சொன்னது. கல்யாண வீட்டில் மேஜை போட்டு மொய் எழுதி வாங்குபவரின் பையில் லட்சம் ரூபாய் இருக்கலாம். அதை அவருடைய பணம் என்று யாரும் சொல்வதில்லை. நாமினியின் நிலையும் அதுதான்.

அப்படியானால் பணம் யாருக்கு? இங்கே மதத்துக்கு ஏற்ப விடை மாறும். இந்து ஆண் ஒருவர் உயில் எழுதாமல் இறந்தால், 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன்கள், மகள்கள், தாய் ஆகிய எல்லோரும் முதல் வகுப்பு வாரிசுகள். எல்லோருக்கும் சம பங்கு. கட்டிக்கொடுத்த மகளுக்குப் பங்கில்லை என்பது வெறும் ஊர்ப்பேச்சு. இறந்தவர் சொந்தமாகச் சம்பாதித்துச் சேர்த்த பணத்தில் மகளுக்குச் சமபங்கு 1956 முதலே இருக்கிறது. மகளையாவது இப்போது நினைவு வைத்துக்கொள்கிறார்கள். வயதான தாயைத்தான் மறந்துவிடுகிறார்கள். மகனை இழந்த தாய்க்கு, மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உள்ள அதே அளவு பங்கு உண்டு. தந்தை முதல் வகுப்பில் வரமாட்டார். இந்துப் பெண் இறந்தால் கணவரும் பிள்ளைகளும் முன்னால் வருவார்கள். கிறிஸ்தவர்களுக்கு 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டம்: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மிச்சம் பிள்ளைகளுக்கு, தாய்க்கு இல்லை. முஸ்லிம்களுக்கு ஷரீஅத் வகுத்த பங்குகள். ஆக, மூத்த மகன் நாமினியாக இருந்து பத்து லட்சத்தை வாங்கினால் அந்தப் பத்து லட்சமும் அவருக்கு என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. அவர் மற்ற வாரிசுகளின் சார்பிலும் அதை வாங்கி வைத்திருக்கிறார். பணம் கொடுக்கும்போது, வாரிசுகளின் பொறுப்பாளர் என்ற முறையில்தான் இதைப் பெறுகிறீர்கள் என்று நாமினிக்குத் தெளிவுபடுத்த வேண்டும் என 2005இலேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. எத்தனை கிளைகளில் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்கிறார்கள் என்பது வேறு விஷயம்.

இப்போது வங்கியின் பக்கம். நாமினி இறப்புச் சான்றிதழோடும் தன் அடையாள ஆவணத்தோடும் போகிறார். ‘மற்ற வாரிசுகள் எல்லோரும் வந்து கையெழுத்துப் போட வேண்டும்’ என்கிறது கிளை. அல்லது ‘கோர்ட்டில் சர்டிபிகேட் வாங்கி வாருங்கள்’ என்கிறது. இரண்டுமே தவறு. நாமினி இருந்தாலோ, ‘இருவரில் ஒருவர் அல்லது உயிரோடிருப்பவர்’ என்ற நிபந்தனையோடு கூட்டுக் கணக்கு இருந்தாலோ, தொகை எவ்வளவாக இருந்தாலும் வாரிசுரிமைச் சான்றிதழ், புரொபேட் (உயிலுக்கு நீதிமன்றம் தரும் ஒப்புதல்), ஜாமீன், இழப்பீட்டு உறுதிப் பத்திரம் எதையும் கேட்கக்கூடாது என்பது 2005 ஜூன் மாதத்திலிருந்து இருக்கும் ரிசர்வ் வங்கி உத்தரவு. கணக்குதாரர் இறந்ததும், வந்திருப்பவர் நாமினிதான் என்பதும், பணம் கொடுப்பதைத் தடுக்கும் நீதிமன்ற ஆணை ஏதும் இல்லை என்பதும் உறுதியானால் போதும். இதற்கு மேல் குடும்பத்துக்குள் எட்டிப் பார்க்கும் வேலை வங்கிக்கு இல்லை.

இங்கே நியாயமான ஓர் எதிர்ப்பு எழும். நாமினி உரிமையாளர் இல்லை என்று சொல்லிக்கொண்டே, உரிமையாளர்களைக் கேட்காமல் அவரிடமே முழுப் பணத்தையும் கொடு என்பது எப்படிச் சரியாகும்? அவர் அமுக்கிக்கொண்டால் விதவையும் தங்கைகளும் என்ன செய்வார்கள்? நடக்காத விஷயமும் அல்ல இது. ஆனால் மாற்று வழியை யோசித்துப் பாருங்கள். யார் வாரிசு, யாருக்கு எவ்வளவு என்பதை ஒரு வங்கி மேலாளர் முடிவு செய்வதென்றால், அவர் சாட்சிகளை விசாரிக்க வேண்டும், இரண்டாம் திருமணம் செல்லுமா என்று பார்க்க வேண்டும், உயில் உண்மையா போலியா என்று சொல்ல வேண்டும். அதற்கான அதிகாரமும் அவருக்கில்லை, பயிற்சியும் இல்லை. அதற்குள் ஈமச்செலவுக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் பணம் தேவைப்படும் குடும்பம் கடன் வாங்கி வட்டி கட்டிக்கொண்டிருக்கும். ஒரு வாரிசு மட்டும் கையெழுத்துப் போட மறுத்தால் மற்ற எல்லோரும் பணயக் கைதிகளாகிவிடுவார்கள். நாமினி ஏமாற்றும் ஆபத்தைவிட இது பெரிய ஆபத்து. ஏனென்றால் நாமினியை எதிர்த்து வழக்குப் போட வழி இருக்கிறது, கையெழுத்துப் போடாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பவரை அசைப்பது கடினம்.

ஏமாற்றுவார் என்ற அச்சம் உண்மையாகவே இருந்தால் அதற்கும் சட்டம் இடம் வைத்திருக்கிறது. ஆனால் பலர் தட்டும் கதவு வேறு. ‘என் அண்ணனுக்குப் பணம் கொடுக்காதீர்கள்’ என்று மேலாளருக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புகிறார்கள். 45 இசட்-பி பிரிவின்படி, மூன்றாம் நபர்களின் இப்படிப்பட்ட கோரிக்கைக் கடிதங்கள் வங்கியைக் கட்டுப்படுத்தாது. தகுதியுள்ள நீதிமன்றத்தின் தீர்ப்போ ஆணையோ சான்றிதழோ கையில் இருந்தால்தான் வங்கி அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஆகவே தடுக்க நினைப்பவர் வழக்கறிஞரிடம் போய் இடைக்காலத் தடை வாங்க வேண்டும். பணம் கைமாறிய பிறகானால் தன் பங்கைக் கேட்டு நாமினி மீது வழக்குத் தொடர வேண்டும். இரண்டு நிலையிலும் எதிர்த்தரப்பு நாமினிதான். வங்கியோடு சண்டை போட்டுப் பயனில்லை.

நாமினிக்கே பணத்தைச் சொந்தமாக்கிவிட்டால் இந்தத் தலைவலியே இருக்காதே என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பதற்கு எளிமையாக இருக்கிறது. ஆனால் நாமினிப் படிவம் எப்படி நிரப்பப்படுகிறது என்று யோசித்தால் அந்த எளிமை பயமுறுத்தும். இருபத்திரண்டு வயதில் முதல் வேலைக்குக் கணக்குத் திறக்கும்போது, கவுன்ட்டரில் நின்றபடி, பெரும்பாலும் தாயின் பெயரையோ தந்தையின் பெயரையோ எழுதுகிறோம். கையெழுத்துப் போடத் தெரிந்தவர் என்றால் சாட்சிகூடத் தேவையில்லை. கைரேகை வைப்பவருக்கு மட்டும்தான் இரண்டு சாட்சி. ஓர் உயில் செல்ல வேண்டுமானால் இரண்டு சாட்சிகள் கட்டாயம். இவ்வளவு அலட்சியமாக எழுதப்பட்ட ஒரு பெயர், பிறகு வந்த மனைவியையும் குழந்தைகளையும் முற்றிலும் ஒதுக்கிவிடும் சக்தி பெற்றால் அது அநியாயமாகத்தான் முடியும். காப்பீட்டில் மட்டும் நாடாளுமன்றம் 2015இல் வேறு முடிவெடுத்தது. பெற்றோர், வாழ்க்கைத்துணை, பிள்ளைகள் ஆகியோரை நாமினியாகப் போட்டிருந்தால் காப்பீட்டுத் தொகை அவர்களுக்கே உரியது என்றது அந்தத் திருத்தம். வங்கிக் கணக்குக்கு அது பொருந்தாது. எல்.ஐ.சி. பாலிசியில் நடந்ததைப் பார்த்துவிட்டு வங்கியிலும் அப்படித்தான் என்று நினைப்பது இன்று பரவலான தவறு. யாருக்குப் பணம் போக வேண்டும் என்று உறுதியான விருப்பம் இருப்பவர் உயில் எழுத வேண்டும். நாமினிப் படிவத்தின் மேல் அந்தச் சுமையை ஏற்றக்கூடாது.

வங்கிச் சட்டங்களுக்கான 2025ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம், அந்த ஆண்டு நவம்பர் 1 முதல், ஒரு கணக்குக்கு நான்கு நாமினிகள் வரை வைத்துக்கொள்ளலாம் என்று ஆக்கியிருக்கிறது. வைப்புத்தொகையில் இன்னாருக்கு இத்தனை சதவீதம் என்று ஒரே நேரத்தில் பிரித்து எழுதலாம். அல்லது முதலாமவர் இல்லாவிட்டால் இரண்டாமவர் என்று வரிசையாக எழுதலாம். லாக்கருக்கு வரிசை முறை மட்டும்தான். நல்ல ஏற்பாடு. ஒருவர் கையில் எல்லாம் போய்ச் சேருவதால் வரும் மனக்கசப்பு இதனால் பாதி குறையும். ஆனால் இதுவும் வாங்கும் உரிமையைத்தான் பிரித்துக் கொடுக்கிறது என்பதை மறக்கக்கூடாது. இரண்டு மகன்களுக்கு ஐம்பது ஐம்பது சதவீதம் என்று எழுதிவிட்டதால் மகளின் பங்கு காணாமல் போய்விடாது. கூட்டுக் கணக்கிலும் இதே நிலைதான். உயிரோடிருக்கும் மற்றவர் பணத்தை எடுக்கலாம். இறந்தவரின் வாரிசுகளுக்கு அவரும் பதில் சொல்ல வேண்டியவரே. கூட்டுக் கணக்கில் போட்டிருக்கும் நாமினிக்கு, கணக்குதாரர்கள் எல்லோரும் இறந்த பிறகுதான் வேலை வரும்.

நாமினியும் இல்லை, கூட்டுக் கணக்கும் இல்லை என்றால்தான் உண்மையான அலைச்சல் தொடங்குகிறது. இப்படிப்பட்ட கணக்குகள் குறைவு என்று எண்ண வேண்டாம். ஏராளமான கணக்குகளில் நாமினி இல்லை என்பதைச் சுட்டிக்காட்டி, 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குத் தனியாகச் சுற்றறிக்கை அனுப்ப வேண்டியிருந்தது. இங்கே ‘யாரிடம் கொடுப்பது’ என்ற கேள்விக்கு வங்கியின் கையில் ஆயத்த விடை கிடையாது. ஆகவே வாரிசுகள் யார் என்று அது கேட்டே தீரும். கேட்பதில் தவறில்லை. எந்த அளவு கேட்கலாம் என்பதில்தான் வங்கிக்கு வங்கி, ஏன், கிளைக்குக் கிளை இத்தனை நாள் வேறுபாடு இருந்தது. எளிய முறையில் தீர்க்கக்கூடிய தொகைக்கு ஒரு வரம்பை வைத்துக்கொள்ளுங்கள் என்று 2005இல் வங்கிகளிடமே விட்டது ரிசர்வ் வங்கி. விளைவு, ஒரு வங்கியில் எளிதாக முடிந்த வேலைக்கு இன்னொரு வங்கி நீதிமன்றத்துக்கு அனுப்பியது.

2025 செப்டம்பர் 26 அன்று வந்த புதிய வழிகாட்டுதல் இந்த வேறுபாட்டைப் போக்கியிருக்கிறது. 2026 மார்ச் 31க்குள் எல்லா வங்கிகளும் இதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்று கெடு வைக்கப்பட்டது. இதன்படி நாமினி இல்லாத கணக்கில் கூட்டுறவு வங்கிகளுக்கு 5 லட்சம் ரூபாய், மற்ற வங்கிகளுக்கு 15 லட்சம் ரூபாய் வரை எளிய நடைமுறை. விரும்பினால் வங்கி இந்த வரம்பை உயர்த்திக்கொள்ளலாம், குறைக்க முடியாது. வரம்புக்குள் தேவைப்படுபவை: நிர்ணயிக்கப்பட்ட விண்ணப்பம், இறப்புச் சான்றிதழ், கேட்பவரின் அடையாள ஆவணம், அவர் எழுதித் தரும் இழப்பீட்டு உறுதிப் பத்திரம், பணம் கேட்காத மற்ற வாரிசுகளின் ஆட்சேபணையின்மைக் கடிதம், வாரிசுகள் யார் என்பதற்கான சான்று. கடைசியாகச் சொன்னதற்குத் தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழ் போதும். அதுவும் இல்லாவிட்டால், குடும்பத்தை நன்கு அறிந்த, ஆனால் குடும்பத்தோடு சம்பந்தமில்லாத, வங்கி ஏற்கும்படியான ஒருவரின் உறுதிமொழியையும் ஏற்கலாம். வெளியாள் ஜாமீன் வேண்டாம். நீதிமன்றம் வேண்டவே வேண்டாம்.

இவ்விடத்தில் இரண்டு சான்றிதழ்களைப் பிரித்துச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கவுன்ட்டரில் ஒன்றைக் கேட்க, வீட்டில் மற்றொன்றுக்கு அலைகிறார்கள். வாரிசுச் சான்றிதழ் வருவாய்த்துறை தருவது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்து, தாசில்தார் வழங்குவார். இறந்தவருக்கு இன்னின்னார் வாரிசு என்று அது பட்டியலிடும், பங்கைத் தீர்மானிக்காது. வாரிசுரிமைச் சான்றிதழ், பேச்சுவழக்கில் ‘சக்சஷன் சர்டிபிகேட்’, 1925ஆம் ஆண்டு இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 372ஆம் பிரிவில் நீதிமன்றத்தில் மனுப் போட்டு வாங்குவது. அறிவிப்பு கொடுத்து, ஆட்சேபணை கேட்டு, தொகைக்கேற்ற நீதிமன்றக் கட்டணம் கட்டி, மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். வாரிசுகளுக்குள் உண்மையான தகராறு இருக்கும்போது அதற்குத் தேவை உண்டு. தகராறே இல்லாத குடும்பத்தை நாற்பதாயிரம் ரூபாய்க்காக அங்கே துரத்துவது பொறுப்பைத் தட்டிக் கழிப்பதுதான். 15 லட்சத்தைத் தாண்டினாலும்கூட நீதிமன்றம் ஒன்றே வழி என்று புதிய வழிகாட்டுதல் சொல்லவில்லை. தாசில்தார் சான்றிதழோ பிரமாணப் பத்திரமோ பெற்று, ஜாமீனும் கேட்டு வாங்கிக்கொண்டு தீர்க்க அது இடம் தருகிறது.

வங்கி அதிகாரிகள் சொல்லும் காரணத்தையும் கேட்டுவிட வேண்டும். தவறான ஆளிடம் பணம் போனால் இரண்டாம் முறை கொடுக்க வேண்டிவரும், விசாரணையும் தன் தலையில்தான் விழும் என்று அஞ்சுகிறார் கிளை மேலாளர். மறைத்துவைத்த முதல் மனைவியும், போலிச் சான்றிதழும் கற்பனையல்ல. ஆனால் இந்த அச்சத்துக்காகவே இழப்பீட்டு உறுதிப் பத்திரம் என்று ஒன்று இருக்கிறது. பின்னால் வேறு உரிமையாளர் வந்தால் நானே திருப்பித் தருவேன் என்று பணம் பெறுபவர் எழுதிக் கொடுப்பதுதான் அது. நாமினி உள்ள கணக்கிலோ, சட்டமே வங்கியை விடுவித்துவிடுகிறது. இந்தப் பாதுகாப்புகளை வாங்கிக்கொண்டு, அவை இல்லாததுபோல நடந்துகொள்வதை எச்சரிக்கை என்று சொல்ல முடியவில்லை.

இந்த அலைச்சலுக்குப் பயந்து பல குடும்பங்கள் குறுக்குவழியில் இறங்குகின்றன. இறந்ததைச் சொல்லாமல், தெரிந்த பின் நம்பரைக் கொண்டு ஏ.டி.எம்.மில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக் கணக்கைக் காலி செய்துவிடுவது. நம் பணம்தானே என்பது வாதம். இறந்த கணத்திலிருந்து அது எல்லா வாரிசுகளின் பணம். கார்டை வைத்திருப்பவரின் பணம் அல்ல. கார்டையும் பின் நம்பரையும் பயன்படுத்த இறந்தவர் வாய்மொழியாகக் கொடுத்த அனுமதி அவரோடு முடிந்துவிட்டது. பவர் பத்திரமே இருந்தாலும் அதுவும் முடிந்துவிட்டது. நாளைக்குத் தங்கை கணக்கு அறிக்கை வாங்கிப் பார்த்தால், இறந்த தேதிக்குப் பிறகு எடுத்த ஒவ்வொரு தொகையும் நாளோடு அதில் நிற்கும். ஓய்வூதியதாரர் என்றால் இன்னும் மோசம். இறந்த பிறகு கணக்கில் விழுந்த ஓய்வூதியத்தை அரசு திரும்பக் கேட்கும். வைப்புத்தொகைகளோ ஏ.டி.எம்.மில் வராது, அவற்றுக்காக எப்படியும் ஒருநாள் கிளைக்குப் போய்த்தான் ஆக வேண்டும், அப்போது முன்பு நடந்ததும் வெளியே வரும்.

வங்கிக்குப் போவதற்கு முன் பாஸ்புக்கை நிதானமாகப் படிப்பது, எந்தப் படிவத்தையும்விட முக்கியமான வேலை. முதல் பக்கத்தில் நாமினி பதிவான குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அதை அச்சிட வேண்டும் என்பது விதி. மே மாத இறுதியை ஒட்டி 436 ரூபாய் பிடித்திருந்தால் அது பிரதம மந்திரி ஜீவன் ஜோதி காப்பீட்டின் பிரீமியம்; எந்தக் காரணத்தால் மரணம் நேர்ந்தாலும் 2 லட்சம் ரூபாய் உண்டு. சேர்ந்த முதல் முப்பது நாட்களில் விபத்து அல்லாத மரணத்துக்கு மட்டும் கிடையாது. 20 ரூபாய் பிடித்திருந்தால் அது விபத்துக் காப்பீடு. விபத்து மரணத்துக்கு 2 லட்சம். கணக்கில் ஆயிரம் ரூபாய்கூட இல்லை என்று பாஸ்புக்கைத் தூக்கிப் போட்டவர்கள் இழந்தது இந்த வரிகளைத்தான். சேமிப்புக் கணக்குக்கே உரிய வட்டியைத் தவிர வேறு வட்டியும் வரவாகியிருந்தால் எங்கோ ஒரு வைப்புத்தொகை இருக்கலாம். வைப்புத்தொகையின் கெடுவுக்கு முன்பே கணக்குதாரர் இறந்துவிட்டால், அபராதம் இல்லாமல் முன்கூட்டியே முடித்துக்கொள்ளலாம். கெடு முடிந்து வெகுநாள் கழித்துக் கேட்டாலும் இடைப்பட்ட காலத்துக்கு வட்டி உண்டு. கடன் பாக்கி இருந்தால் வங்கி அதைக் கழித்துக்கொள்ளும், அதையும் எதிர்பார்த்துப் போக வேண்டும்.

எந்த வங்கியில் கணக்கு இருந்தது என்றே தெரியாதவர்களுக்கு, 2023 ஆகஸ்ட்டில் ரிசர்வ் வங்கி தொடங்கிய ‘உத்கம்’ இணையதளம் இருக்கிறது. இறந்தவரின் பெயரோடு பான் எண், வாக்காளர் அட்டை எண், ஓட்டுநர் உரிம எண், பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி ஆகியவற்றில் ஒன்றைக் கொடுத்தால், உரிமை கோரப்படாத தொகை எந்த வங்கியில் இருக்கிறது என்று காட்டும். காட்டுவதோடு அதன் வேலை முடிந்தது. பணத்தை அந்த வங்கியில்தான் கேட்க வேண்டும். பத்து ஆண்டு கடந்து ரிசர்வ் வங்கியின் நிதிக்குப் போய்விட்டதே, இனி எங்கே கிடைக்கும் என்று கைவிட வேண்டியதில்லை. எத்தனை ஆண்டு ஆனாலும் உரியவருக்கு வங்கி பணத்தைக் கொடுத்துவிட்டு, நிதியிலிருந்து தான் பெற்றுக்கொள்ளும். வட்டி வரும் கணக்காக இருந்தால், நிதியில் கிடந்த காலத்துக்கும் வட்டி சேரும். 2021 மே முதல் அது 3 சதவீதத் தனிவட்டி. சேமிப்பாகப் பார்த்தால் அற்பம், தொலைந்தது என்று நினைத்த பணத்துக்கு மோசமில்லை.

தேவையான ஆவணங்கள் முழுமையாகக் கொடுத்த நாளிலிருந்து 15 நாட்களுக்குள் வங்கி கோரிக்கையைத் தீர்க்க வேண்டும். வங்கியின் பக்கத் தாமதம் என்றால், புதிய வழிகாட்டுதலின்படி, தாமதமான காலத்துக்கு ரிசர்வ் வங்கியின் ‘பேங்க் ரேட்’டோடு 4 சதவீதம் கூட்டி வட்டி தர வேண்டும், லாக்கர் விவகாரமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு. எழுத்தில் புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. ஆனால் இந்த உரிமைகளுக்கெல்லாம், எந்தத் தேதியில் என்னென்ன ஆவணம் கொடுத்தீர்கள் என்பதற்குக் கையில் ஆதாரம் வேண்டும். வாய்ப்பேச்சில் ‘அடுத்த வாரம் வாங்க’ என்று அனுப்பப்படுபவருக்கு 15 நாள் கணக்கு தொடங்குவதே இல்லை. ஆகவே விண்ணப்பத்தைக் கொடுத்ததும், ஆவணப் பட்டியலின் நகலில் தேதியோடு வங்கி முத்திரையும் கையெழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். அதை வாங்காமல் கவுன்ட்டரை விட்டு நகராதீர்கள்.